பேரேட்டில் ஏறாத நாய்

தேர்வுக்கு இன்னும் பன்னிரண்டு நாள்தான் இருக்கிறது. நிறுமக் கணக்கியல் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு நாயைப் பற்றி யோசித்துக்கொண்டிருக்கிறேன். காரணம் அந்தப் புத்தகமேதான். 'நற்பெயர்' என்று ஒரு பாடம் வருமே, காமர்ஸ் படிக்கிறவர்களுக்குத் தெரியும். ஒரு தொழில் தன் உழைப்பால் தானே சம்பாதித்துக்கொண்ட நற்பெயரைச் சொத்தாக ஏட்டில் காட்டக் கூடாது. விலை கொடுத்து வாங்கியிருந்தால்தான் காட்டலாம். கணக்கியல் தரநிலை 26 சொல்கிற விதி இது. (மற்ற துறை நண்பர்கள் பயப்பட வேண்டாம், கணக்கை இதோடு நிறுத்திக்கொள்கிறேன். அநேகமாக.) இதைப் படித்தபோது பெரியப்பா வீட்டு மணி ஞாபகத்துக்கு வந்துவிட்டது.

மணி என்பது நாய். தமிழ்நாட்டில் பாதி நாய்களுக்கு அதுதான் பெயர்.

பெரியப்பா காளையார்கோவில் பக்கம் ஒரு கிராமத்தில் கிடை வைத்திருந்தவர். கீதாரி. காரைக்குடியில் என்னோடு படிப்பவர்களிலேயே பலருக்கு இந்தச் சொல் தெரியவில்லை, அதனால் கொஞ்சம் விளக்கம். சிவகங்கை, ராமநாதபுரம் பக்கத்துச் செம்மறி ஆட்டுக்காரர்கள் பல குடும்பத்து ஆடுகளை ஒன்றுசேர்த்து, தை மாத அறுவடை முடிந்ததும் தஞ்சாவூர், திருவாரூர் பக்கம் ஓட்டிக்கொண்டு போவார்கள். பகலெல்லாம் மேய்ச்சல். இரவில் ஒரு விவசாயியின் வெற்று வயலில் ஆடுகளை அடைத்துப் போடுவார்கள். அதுதான் கிடை. ஆட்டுப் புழுக்கையும் மூத்திரமும் வயலுக்கு உரம். அதற்காக வயல்காரர் இரவுக் கணக்கில் கூலி கொடுப்பார், பணமாகவோ நெல்லாகவோ. ஆற்றில் தண்ணீர் வந்து நடவு தொடங்கினால் மூட்டை கட்டிக்கொண்டு நகர வேண்டியதுதான். இந்தக் கூட்டத்துக்குத் தலைவர் கீதாரி. சு. தமிழ்ச்செல்வி 'கீதாரி' என்ற பெயரிலேயே ஒரு நாவல் எழுதியிருக்கிறார். கி. ராஜநாராயணனின் 'கிடை' குறுநாவலைத்தான் அம்ஷன் குமார் 'ஒருத்தி' என்று படமாக எடுத்தார்.

போன ஐப்பசியில் பெரியப்பா கிடையை விற்றார். முட்டி வலி. அண்ணன்கள் இரண்டு பேரும் திருப்பூரில். வியாபாரி வந்தார், உருப்படி எண்ணினார், பெட்டை இவ்வளவு, கிடா இவ்வளவு, குட்டி இவ்வளவு என்று பேசி முடித்தார். ஆடு அடைக்கிற வலைக்குக்கூட ஒரு விலை போட்டார்கள். கடைசி ஆட்டை லாரியில் ஏற்றும்போது மணி தானும் ஏறப் பார்த்தது. வியாபாரி சிரித்துக்கொண்டே, "நாயையும் ஏத்திவிடவா, பெரியவரே?" என்றார். பெரியப்பா பதில் சொல்லவில்லை, மணியின் கழுத்துக் கயிற்றைப் பிடித்துக்கொண்டார். ஏழு வருஷம் ராத்திரி தூங்காமல் அந்த ஆடுகளைக் காத்தது அந்த நாய். அதற்கு விலையும் இல்லை, பேச்சும் இல்லை. அன்றைக்கு எனக்கு அது ஒன்றும் பெரிதாகத் தெரியவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

சரி, மணி என்ன ஜாதி நாய்? இதைத் தேடப் போய்த்தான் இந்தக் கட்டுரை.

ஆட்டு நாய் என்றதும் நமக்கு யூடியூபில் பார்த்த பார்டர் கோலி ஞாபகம் வரும். தரையோடு தரையாகப் பதுங்கி, கண்ணாலேயே மிரட்டி, நூறு ஆட்டை ஒரு வாசலுக்குள் நுழைத்துவிடும். அது ஓட்டுகிற நாய். நம் ஊர்க் கிடை நாய் அந்த வேலையைச் செய்வதில்லை. ஆட்டை ஓட்டுவது மனிதர்கள்தான். கையில் தொரட்டியும் வாயில் ஒரு தனி ஓசையும் போதும். நாயின் வேலை ராத்திரியில்தான் ஆரம்பிக்கும். நரி, ஊர் நாய்க் கூட்டம், எல்லாவற்றுக்கும் மேல் திருடன். உலகத்தில் மேய்ச்சல் நாய்கள் இப்படி இரண்டு வகை: ஓட்டுகிறவை, காக்கிறவை. இத்தாலியின் மரேமா, துருக்கியின் அனடோலியன் எல்லாம் காக்கிற வகை. மணியும் அந்த வகைதான், உருவத்தில் சின்னது.

காக்கிற நாயை யாரும் பயிற்சி கொடுத்து உருவாக்குவதில்லை. கண் திறந்த கொஞ்ச நாளில் குட்டியைக் கிடைக்குள் விட்டுவிடுவார்கள். ஆட்டுக்குட்டிகளை அடைக்கும் கூட்டுக்குப் பக்கத்திலேயே படுக்கும், அவற்றோடேயே உருளும். அமெரிக்காவில் ரேமண்ட் காப்பிஞ்சர், லோர்னா காப்பிஞ்சர் என்ற தம்பதி 1970களிலிருந்து இதை ஆராய்ந்தார்கள். முதல் சில மாதங்களுக்குள் யாரோடு பழகுகிறதோ அவர்களைத்தான் அந்த நாய் தன் கூட்டமாக நினைக்கும் என்பது அவர்கள் சொன்னது. ஆட்டோடு வளர்ந்தால் ஆடுதான் சொந்தம். ஆஸ்திரேலியாவில் வார்னம்பூல் என்ற ஊருக்கருகே ஒரு தீவில் சின்னப் பென்குவின்களை நரிகள் தின்று தீர்த்தபோது, 2006லிருந்து மரேமா நாய்களைக் காவலுக்கு விட்டார்கள். பென்குவினுக்குக் காவல் நாய்! பெரியப்பாவிடம் சொன்னேன். "அது கோழி மாதிரி ஒண்ணுதானேடா, கூட வளந்தா காக்கும்" என்றார், எந்த ஆச்சரியமும் இல்லாமல்.

இப்போது 1400 வருஷம் பின்னால் போவோம்.

திருவண்ணாமலை மாவட்டத்தில் செங்கம் பக்கம் எடத்தனூர் என்று ஓர் ஊர். அங்கே ஒரு நடுகல் இருக்கிறது. முதலாம் மகேந்திரவர்ம பல்லவனின் 34ஆம் ஆட்சியாண்டு, அதாவது 7ஆம் நூற்றாண்டின் முற்பகுதி. கருந்தேவக்கத்தி என்ற வீரன் எருமை மந்தையைக் காக்கும் சண்டையில் இறந்துபோனதற்கு எடுத்த கல். தமிழ்நாட்டில் நடுகற்கள் நிறைய உண்டு, அதுவும் செங்கம் பகுதியில் ஏராளம். தமிழ்நாடு தொல்லியல் துறை 1972ல் 'செங்கம் நடுகற்கள்' என்று ஒரு தொகுப்பே போட்டது. எடத்தனூர்க் கல்லில் என்ன விசேஷம் என்றால், வீரனோடு அவனுடைய நாயும் செதுக்கப்பட்டிருக்கிறது. நாய்க்குப் பெயரும் போட்டிருக்கிறார்கள்: கோவிவன். அது கள்ளர் இருவரைக் கடித்துவிட்டுக் காவலாக நின்றது என்று கல்வெட்டு சொல்கிறது.

கர்நாடகத்தில் ஆதகூர் என்ற ஊரிலும் நாய்க்கு ஒரு புகழ்பெற்ற கல் உண்டு. 949-950ஆம் ஆண்டு. கங்க மன்னன் பூதுகனின் வீரன் மணலேரனுடைய நாய் காளி, ஒரு பெரிய பன்றியோடு சண்டை போட்டு, பன்றியும் நாயும் சேர்ந்தே செத்தன. ஆனால் காளி வேட்டை நாய். தளபதி வீட்டு நாய். எனக்குக் கோவிவன்தான் ஒட்டுகிறது. அது மந்தை நாய். மணி செய்த அதே வேலை. மந்தை என்றால் சொத்து என்றிருந்த காலத்தில், அந்தச் சொத்தைக் காத்த நாயின் பெயரையும் கல்லில் வெட்டி வைத்திருக்கிறார்கள். (எங்கள் ஆசிரியர் 'மாடு என்றால் செல்வம்' என்று குறள் வகுப்பில் சொன்னது இப்போதுதான் எனக்கு உறைத்தது.)

அதற்குப் பிறகு? எங்கள் பக்கத்தில் நாய்க்குக் கல்லில் இடம் இல்லாமல் இல்லை. நகரத்தார் கோயில்கள் ஒன்பதில் ஒன்று வைரவன்பட்டி. வைரவர் இருக்கிற இடமெல்லாம் அவருடைய வாகனமாக நாய் நிற்கும். வயிரவன் என்ற பெயர் இல்லாத செட்டிநாட்டுத் தெரு இருக்காது. சாமிக்குப் பின்னால் நிற்கிற நாய்க்கு விபூதி வைத்துக் கும்பிட்டுவிட்டு, கோயில் வாசலில் படுத்திருப்பதைக் கல்லால் அடிக்கிறோம். சரி, அது வேறு கதை.

அடுத்ததாக நாய்கள் சரித்திரத்துக்குள் வருவது பாளையக்காரர் காலத்தில். மருது சகோதரர்களிடம் கோம்பை நாய்ப் படை இருந்தது, வெள்ளைக்காரனை விரட்டியது என்று சிவகங்கைச் சீமையில் சின்னப் பிள்ளைகூடச் சொல்லும். இது வாய்வழிக் கதை. மருது சகோதரர்கள் 1801 அக்டோபர் 24ல் திருப்பத்தூரில் தூக்கிலிடப்பட்டது ஆவணத்தில் இருக்கிறது. கர்னல் ஜேம்ஸ் வெல்ஷ் என்ற ஆங்கிலேய அதிகாரி, சின்ன மருது தனக்கு ஈட்டியும் வளரியும் எறியக் கற்றுக்கொடுத்ததை 1830ல் வெளிவந்த தன் நினைவுக் குறிப்புகளில் எழுதினார். அதனால் இன்றைக்கு வளரியைப் பற்றிப் பேசும் எல்லோரும் வெல்ஷைக் காட்டுகிறோம். யார் எழுதி வைத்தார்களோ அவர்கள் கண்ணில் பட்டது மட்டும் மிச்சமிருக்கிறது. ஜமீன் வேட்டைக்குப் போனபோது கூட ஓடிய நாய் கண்ணில் பட்டது. பொட்டலில் ஆட்டோடு படுத்திருந்த நாய் யார் கண்ணில் படும்?

இதே நேரத்தில் ஐரோப்பாவில் நடந்ததைப் பாருங்கள். 1873ல் வேல்ஸ் நாட்டில் பாலா என்ற ஊரில் ஆட்டு நாய்ப் போட்டி நடத்தினார்கள். 1893ல் ஆடம் டெல்ஃபர் என்ற விவசாயியிடம் ஹெம்ப் என்ற நாய் பிறந்தது. இன்றைய பார்டர் கோலிகளின் வம்சாவளியைத் தேடிப் போனால் அதில்தான் போய் நிற்கும். 1906ல் ஆட்டு நாய்களுக்கென்றே சங்கம் வந்தது, பதிவேடு வந்தது. ஜெர்மனியில் 1899ல் ஸ்டெஃபானிட்ஸ் என்ற ராணுவ அதிகாரி ஹோரண்ட் என்ற நாயை வாங்கி, சங்கம் வைத்து, அதை முதல் எண்ணாகப் பதிவு செய்தார். அதுதான் ஜெர்மன் ஷெப்பர்ட். நம்மூர்ப் பெரியவர்கள் 'அல்சேஷன்' என்பார்களே, அதே நாய். முதல் உலகப் போர் சமயத்தில் 'ஜெர்மன்' என்ற சொல் பிரிட்டனில் கசந்துபோனதால் இந்தப் பெயர் மாற்றம்; 1977ல்தான் அங்கே பழைய பெயர் திரும்பி வந்தது. ஆக, செக்காலை வீதியில் இரும்புக் கதவுக்குப் பின்னாலிருந்து குரைக்கிற அந்த நாயும் அடிப்படையில் ஓர் ஆட்டு நாய்தான்! ஆட்டைப் பார்த்தே இருக்காது, ஆனால் அதன் தாத்தாவுக்குத் தாத்தா யார் என்று கேட்டால் காகிதம் இருக்கும்.

நம் நாட்டிலும் காகிதம் வந்தது, தாமதமாக. 1980 வாக்கில் சென்னை சைதாப்பேட்டையில் தமிழக அரசு நாட்டு நாய் வளர்ப்பு நிலையம் தொடங்கியது. ராஜபாளையம், கோம்பை, சிப்பிப்பாறை போன்றவற்றை அங்கே வளர்த்தார்கள். வசதிக் குறைவு பற்றிய வழக்கில் 2016ல் சென்னை உயர் நீதிமன்றம் அதை மூடச் சொல்லிவிட்டது. 2005 ஜனவரியில் அஞ்சல் துறை நான்கு இந்திய நாய்களுக்குத் தபால்தலை வெளியிட்டது: ராஜபாளையம், முதோல், ராம்பூர், இமயமலை ஆட்டு நாய். 2017ல் தியடோர் பாஸ்கரன் இந்திய நாய்களைப் பற்றி ஆங்கிலத்தில் ஒரு நல்ல புத்தகம் எழுதினார். 2020 வாக்கில் கர்னாலில் உள்ள தேசிய விலங்கின மரபுவளப் பணியகம் முதன்முதலாக நாய்களையும் பதிவு செய்தபோது ராஜபாளையம், சிப்பிப்பாறை, முதோல் மூன்றும் இடம்பெற்றன. மூன்றுமே வேட்டையில் பேர் வாங்கிய நாய்கள்.

எனக்குச் சிரிப்பு வந்த இடம் எது தெரியுமா? அதே பணியகத்தின் பட்டியலில் மணி காத்த ஆடு இருக்கிறது! 'ராமநாதபுரம் வெள்ளை' என்று பெயர். (1985ல் சிவகங்கை தனி மாவட்டம் ஆகும்வரை நாங்களும் ராமநாதபுரம்தானே.) எங்கள் மாவட்டத்துப் புலிக்குளம் மாடு, அதுவும் கிடை மாடுதான், அதற்கும் பதிவு உண்டு. ஆட்டுக்குப் பெயர், மாட்டுக்குப் பெயர். இரண்டுக்கும் காவல் நின்றதற்கு இல்லை. கேட்டால் 'நாட்டு நாய்' என்பார்கள். தெருவில் திரிவதும் நாட்டு நாய்தான், கிடையில் நிற்பதும் நாட்டு நாய்தான். தலை கொஞ்சம் பெரிதாக இருந்தால் 'மண்டை நாய்' என்று ராமநாதபுரம் பக்கம் தனியாகச் சொல்வார்கள். மணிக்கு அந்தத் தலையும் இல்லை.

அப்படியானால் இதையும் பதிவு செய்துவிட்டால் தீர்ந்ததா? முதலில் அப்படித்தான் எழுத உட்கார்ந்தேன். இப்போது அவ்வளவு நிச்சயமாக இல்லை. ராஜபாளையத்தைப் பாருங்கள். பால் வெள்ளை, ரோஜா நிற மூக்கு இருந்தால்தான் அசல் என்று ஆகிவிட்டது. அந்த நிறத்துக்காகவே நெருங்கிய உறவுக்குள் இனப்பெருக்கம் செய்தார்கள். நிறமி இல்லாத வெள்ளை நாய்களில் பிறவிச் செவிடு அதிகம். காது கேட்காத காவல் நாய்! பார்டர் கோலியிலும் இதே சண்டை நடந்தது. வேலை தெரிந்தால்தான் அது கோலி, அழகுப் போட்டிக்கு அனுப்பினால் மூளை போய்விடும் என்று அமெரிக்க ஆட்டுக்காரர்கள் எதிர்த்தார்கள்; அதையும் மீறி 1995ல் அங்குள்ள கென்னல் கிளப் அதைத் தன் இனப் பட்டியலில் சேர்த்துக்கொண்டது. நிறத்தை எழுதும் ஏடு வேறு, வேலையை எழுதும் ஏடு வேறு. கிடை நாய்க்கு வேண்டியது இரண்டாவது.

வளர்ப்பு பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதில் எங்கள் குடும்பமே ஒரு தப்பு செய்துகொண்டிருந்தது.

மணிக்குச் சாப்பாடு பெரும்பாலும் கஞ்சி, மீந்த சோறு, கொஞ்சம் மோர். கிடையில் ஆடு செத்தால் அன்றைக்கு அதன் தலையும் குடலும் மணிக்கு. நன்றாகத்தானே சாப்பிடுகிறது என்று நினைத்தோம். வருஷத்துக்கு ஒன்றிரண்டு ஆடு மட்டும் ஒரே பக்கமாகச் சுற்றிச் சுற்றி வந்து, சுவரில் முட்டி விழுந்து சாகும். காத்து கருப்பு என்று அப்பத்தா சொல்லும். கால்நடை மருத்துவர் ஒருவர்தான் விஷயத்தை உடைத்தார். நாயின் குடலில் நாடாப்புழு. அதன் முட்டை நாயின் மலத்தோடு புல்லில் விழும். அந்தப் புல்லை ஆடு மேயும். ஆட்டின் மூளைக்குள் நீர்க்கட்டி வளரும். செத்த ஆட்டின் தலையை மறுபடி நாய்க்கே போடுகிறோம். இரட்டைப் பதிவு முறை மாதிரி, ஒரு பக்கம் பற்று, மறுபக்கம் வரவு. இன்னொரு வகை நாடாப்புழு ஈரலிலும் நுரையீரலிலும் கட்டி உண்டாக்கும், அது மனிதருக்கும் வரும். செய்ய வேண்டியது எளிது: பச்சைத் தலையும் குடலும் நாய்க்குப் போடக் கூடாது, செத்த ஆட்டை ஆழமாகப் புதைக்க வேண்டும், மருத்துவர் சொல்லும் இடைவெளியில் நாய்க்குப் புழு மாத்திரை கொடுக்க வேண்டும். மாத்திரை ஆரம்பித்த பிறகு பெரியப்பா கிடையில் ஆடு சுற்றி விழுவது நின்றது.

வெறிநாய்க்கடித் தடுப்பூசி குட்டிக்கு மூன்று மாதத்தில், பிறகு வருஷா வருஷம். இதில் கஞ்சத்தனம் கூடாது. அந்த நோய் முற்றி அறிகுறி தெரிந்துவிட்டால் மருந்து கிடையாது. உண்ணி காதுக்குள்ளும் கால்விரல் இடுக்கிலும்தான் ஒளிந்திருக்கும், அங்கே பாருங்கள். மற்றபடி குட்டை முடி நாய், எங்கள் ஊர் வெயில் அதற்கு ஒன்றும் செய்யாது. குளிர் நாட்டு நாயை ஏசி அறையில் வைத்துக் காப்பாற்றுகிற செலவில் பத்து மணி வளர்க்கலாம்.

இன்றைக்கு இதன் தேவை போய்விட்டது என்று நினைக்காதீர்கள். 2024, 2025ல் திருப்பூர் மாவட்டம் காங்கேயம், வெள்ளகோவில் பக்கம் தெருநாய்க் கூட்டங்கள் பட்டிக்குள் புகுந்து ஆடுகளைக் கடித்துக் கொன்றன. விவசாயிகள் செத்த ஆடுகளைத் தூக்கிக்கொண்டு இழப்பீடு கேட்டுப் போராடினார்கள். 2024ல் தமிழக அரசு நாய் இனப்பெருக்கக் கொள்கை ஒன்றையும் கொண்டுவந்தது. அதில் முன்னிறுத்தப்பட்ட நாட்டு இனங்கள் ராஜபாளையம், சிப்பிப்பாறை, கோம்பை, கன்னி. ஆனால் இமாச்சலத்தில் கட்டி என்ற மலை இடையர்களின் ஆட்டு நாய் 2025ல் தேசியப் பதிவேட்டில் ஏறிவிட்டது. ஆட்டு நாயும் ஏறலாம் என்பதற்கு அது சாட்சி. அதற்கு எத்தனை நாய் இருக்கிறது, எங்கே இருக்கிறது, உயரம் என்ன, என்ன வேலை செய்கிறது என்று யாராவது ஊர் ஊராகப் போய் எழுத வேண்டும்.

பொங்கலுக்கு ஊருக்குப் போனபோது அப்பத்தாவின் தையல் டேப்பை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். மணி நிற்கவே மாட்டேன் என்றது. பெரியப்பா இப்போது பொழுதுபோக்குக்கு வைத்திருக்கிற இரண்டு வெள்ளாட்டைக் கொண்டுவந்து பக்கத்தில் கட்டினார், அப்புறம் அசையாமல் நின்றது. தோள் உயரம் 57 செ.மீ. செவலை நிறம், வாய்ப்பக்கம் கருப்பு, நெஞ்சில் வெள்ளைத் திட்டு. காது பாதி மடிந்தது. வால் மேல்நோக்கி வளைவு. வயது எட்டு இருக்கலாம். "இது என்ன ஜாதின்னு எழுதுறது, பெரியப்பா?" என்று கேட்டேன். "கிடை நாய்னு எழுதுடா. வேறென்ன?" என்றார். எழுதிக்கொண்டேன்.

உங்கள் ஊரில், உங்கள் தாத்தா வீட்டுப் பட்டியில் இப்படி ஒன்று இருந்தால் அளந்து அனுப்புங்கள். உயரம், நிறம், ஊர், எத்தனை ஆட்டுக்குக் காவல் என்பது போதும். போட்டோவில் பக்கத்தில் ஆடும் நிற்கட்டும்.